எதில் முதல், எந்த ஆண்டில் முதல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நாளிதழில் போட்டித் தேர்வு எழுதுவோருக்காக வரும் பொது அறிவுப் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது துறையூரில் மாலை வேளையில் நூலகத்தில், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். ஜவுளிக்கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் பகலில் நின்றுவிட்டு வருகிற பிள்ளைகள். பெரிய கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட வீட்டில் வழியில்லை. உங்கள் பகுதியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கைடும் அதுதான், மெட்டீரியலும் அதுதான். அதனால்தான் அதில் வரும் ஒவ்வொரு வரியையும் நானும் கவனித்துப் படிக்கிறேன்.

சென்ற மாதம் 'முதன்முதலாக' என்று தலைப்புக் கொடுத்துச் சில நாட்கள் தொடர்ந்து வினா விடை வெளியிட்டீர்கள். அதில் ஒன்று: இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் யார்? விடை: முத்துலட்சுமி ரெட்டி. அன்று மாலை எங்கள் மேசையில் ஒரே வாக்குவாதம். ஒரு பெண் வைத்திருந்த பழைய கைடில் ஆனந்திபாய் ஜோஷி என்று இருக்கிறது. ஒரு பையன் புத்தகத்தில் காதம்பினி கங்குலி. "டீச்சர், எதை ஷேட் பண்றது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பொது அறிவில் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். கிராம நிர்வாக அலுவலர் வேலை கிடைப்பதும் கைநழுவுவதும் அந்த ஒன்றரையில் இருக்கிறது.

மூன்று பேருமே ஏதாவது ஒன்றில் முதல்தான். எதில் முதல் என்று கேட்டால்தான் எந்தப் பெயர் என்று சொல்ல முடியும்.

1865இல் கல்யாணில் பிறந்தவர் ஆனந்திபாய். ஒன்பது வயதில் திருமணம். பதினான்கு வயதில் பெற்ற குழந்தை பத்தே நாளில் இறந்தது. பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று அப்போது முடிவு செய்தவர், 1883இல் கப்பலேறி அமெரிக்கா போனார். பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்து 1886 மார்ச்சில் பட்டம் பெற்றார். கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பும் கொடுத்தார்கள். ஆனால் ஊர் திரும்பும்போதே காசநோய். 1887 பிப்ரவரியில், 22 வயது நிறைவதற்குள் இறந்துபோனார். வெளிநாட்டில் மேலை மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்றால் விடை அவர்தான். வேலை பார்க்க அவருக்கு நாளே கிடைக்கவில்லை.

அதே 1886இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து மருத்துவம் பார்க்கும் தகுதி பெற்றவர் காதம்பினி கங்குலி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பெண் பட்டதாரிகளில் ஒருவர். மற்றவர் சந்திரமுகி பாசு. இந்தியாவிலேயே படித்து, இந்தியாவிலேயே மருத்துவம் பார்த்து, பிறகு பிரிட்டன் போய் மேற்படிப்பும் முடித்து, 1923இல் இறக்கும் வரை தொழிலில் இருந்தார். அந்தக் காலத்து வங்காளப் பத்திரிகை ஒன்று அவருடைய ஒழுக்கத்தைப் பழித்து எழுத, அவர் வழக்குப் போட்டார். பத்திரிகையின் ஆசிரியருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. இதைச் சொன்னபோது எங்கள் மேசையில் இருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காதம்பினியின் பெயர் இனி அவர்களுக்கு மறக்காது.

முத்துலட்சுமி அம்மையார் புதுக்கோட்டையில் பிறந்ததும் இதே 1886இல்தான், ஜூலை 30. முன்னவர்கள் இருவரும் தகுதி பெற்ற ஆண்டில் பிறந்தவர் அவர்களுக்கு முந்தியவராக இருக்க முடியாது என்பதைக் கணக்குத் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912இல். அந்தக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அப்போது சேர்ந்தவர்களில் ஒருவர். கல்கத்தாவில் பெண்களுக்கு இடமில்லை என்ற காலத்தில், பின்னாளில் ஜகதீஷ் சந்திர போஸின் மனைவியான அபலா, மருத்துவம் படிக்கச் சென்னைக்குத்தான் வந்தார். நம் ஊருக்கு உண்மையிலேயே பெருமை தருகிற செய்தி இது. எந்த வினா விடையிலும் இதை நான் பார்த்ததில்லை.

அம்மையாருக்கு இல்லாத ஒன்றை நாம் சூட்ட வேண்டிய தேவையே இல்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு படித்த முதல் மாணவி அவர். மதராஸ் மாகாண லெஜிஸ்லேட்டிவ் கவுன்சிலில் முதல் பெண் உறுப்பினர், அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கி வைத்த போராட்டம் 1947இல் சட்டமானது. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இதில் எதைக் கேட்டாலும் விடை ஒன்றுதான் வரும், கைடுக்குக் கைடு மாறாது. இதையெல்லாம் விட்டுவிட்டு, பொருந்தாத ஒரு பட்டத்தை மட்டும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

அடுத்த நாள் வந்த கேள்வி: தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்? நீங்கள் கொடுத்த விடை, சுப்பராயலு ரெட்டியார். சரி, 1920 டிசம்பரில் நீதிக்கட்சி அமைத்த முதல் அமைச்சரவைக்குத் தலைவர் அவர்தான். கடலூர்க்காரர். உடல்நலம் கெட்டு 1921 ஜூலையில் பதவி விலக, பனகல் அரசர் வந்தார். ஆனால் அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வியும் உள்ளாட்சியும் சுகாதாரமும் அமைச்சர்கள் கையில். நிதியும் போலீசும் ஆளுநரின் பக்கம். ஆளுநர் வில்லிங்டன் பிரபு. அந்த மாகாணத்தில் இன்றைய ஆந்திரத்தின் பெரும்பகுதி இருந்தது, மலபார் இருந்தது, தென் கன்னடம் இருந்தது. அதைத் தமிழ்நாடு என்று எழுதினால் படிக்கிற பிள்ளை வரைபடத்தையும் சேர்த்துத் தப்பாகப் படிக்கும்.

இதே கேள்விக்கு நான் ஐந்து விடை சொல்லிக் கொடுக்கிறேன். மாகாணத்தின் முதல் அமைச்சரவை என்றால் சுப்பராயலு ரெட்டியார். நாடு விடுதலை பெற்ற அன்று பதவியில் இருந்தவர் என்றால் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1950 ஜனவரி 26, குடியரசான நாளில் என்றால் குமாரசாமி ராஜா. குடியரசின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பிறகு என்றால் 1952 ஏப்ரலில் ராஜாஜி. அவர் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை, ஆளுநர் மேலவைக்கு நியமித்து உள்ளே வந்தவர். தமிழ்நாடு என்ற பெயரோடு ஒரு மாநிலம் உண்டானபோது என்றால் அண்ணா.

அண்ணாவைப் பற்றிய வரியில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன். 1956இல் விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கோரிக்கைகளில் ஒன்று, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது. இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்து அந்த அக்டோபரில் உயிர் விட்டார். 1967 ஜூலை 18 அன்று சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் பெயர் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். அந்தப் பெயர் கொண்ட மாநிலத்துக்கு அவர் முதலமைச்சராக இருந்தது அந்த மூன்று வாரம்தான். இந்த நான்கு தேதிகளையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால், கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் அவர்கள் தடுமாற மாட்டார்கள்.

மற்ற சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியர் என்று டென்சிங் பெயரைப் போட்டிருந்தீர்கள். 1953 மே 29 அன்று ஹிலாரியோடு உச்சியைத் தொட்டவர், டார்ஜிலிங்கில் வாழ்ந்தவர், சரி. அவருடைய மருமகன் முறையான நவாங் கோம்பு 1963இல் அமெரிக்கக் குழுவோடு ஏறினார். 1965 மே 20 அன்று எம்.எஸ். கோலி தலைமையில் போன இந்தியக் குழுவில் முதலில் உச்சிக்குப் போனவர்கள் ஏ.எஸ். சீமாவும் அதே கோம்புவும். எவரெஸ்டை இரண்டு முறை தொட்ட உலகின் முதல் மனிதர் கோம்பு. இப்படி ஒருவர் இருந்தார் என்றே நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ரயிலும் அப்படியே: 1853 ஏப்ரல் 16, பம்பாய் போரிபந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர், முதல் பயணிகள் ரயில். 'பயணிகள்' என்பதை எடுத்துவிட்டால் விடை தப்பு, ஏனென்றால் 1837லேயே செங்குன்றத்திலிருந்து சென்னைக்குச் சாலை போடக் கல் ஏற்றி வந்த ரயில்பாதை இருந்தது. விண்வெளிக்குப் போன முதல் இந்தியப் பெண் கல்பனா சாவ்லா என்றீர்கள். கர்னாலில் பிறந்தவர்தான், ஆனால் 1997இல் அவர் பறந்தபோது அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். இந்திய வம்சாவளியில் முதல் பெண் என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. உலகின் மிக உயரமான மலை என்றால் கடல்மட்டத்திலிருந்து என்று சேர்க்க வேண்டும். அடிவாரம் கடலுக்கு அடியில் இருக்கும் ஹவாயின் மவுனா கியாவை அடியிலிருந்து அளந்தால் எவரெஸ்டைவிட உயரம். இதைக் கேட்டுவிட்டு ஒரு பையன் மறுநாள் ஈக்வடாரின் சிம்பராசோவைத் தேடிக் கொண்டுவந்தான், பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சிகரம் அதுதான் என்று. உங்கள் பகுதி செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று அன்று தோன்றியது: பிள்ளையைத் தேட வைப்பது.

இனி நான் மிகவும் மதிக்கும் ஒருவரைப் பற்றி. இந்தியாவின் முதல் பெண் தூதர் யார் என்ற கேள்விக்கு விஜயலட்சுமி பண்டிட் என்று போட்டீர்கள். 1947இல் மாஸ்கோவுக்குத் தூதராகப் போனவர், தப்பில்லை. ஆனால் தேர்வு எழுதி, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்து, படிப்படியாக ஏறித் தூதரான முதல் பெண் சி.பி. முத்தம்மா. குடகில் விராஜ்பேட்டையில் பிறந்தவர், சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949இல் சேர்ந்தபோது, திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆண்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. 1970இல் ஹங்கேரிக்குத் தூதரானார். பிறகு பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பெழுதினார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வு கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஆனாலும் பெண்களைத் தனியாகக் கட்டிப்போடும் பணி விதிகளைத் திருத்த வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு அழுத்தமாகச் சொன்னது.

எங்கள் நூலகத்தில் படிக்க வருகிறவர்களில் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிற பெண்களும் உண்டு. கல்யாணம் ஆன பெண் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடுவதை யாரும் கேள்வி கேட்காத காலம் தானாக வந்துவிடவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். முத்தம்மாவின் பெயரை ஒரு வரியில் போடும்போது, கூடவே 1979 என்ற ஆண்டையும் அந்த வழக்கையும் போடுங்கள் என்று கேட்பது அதற்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உலகின் முதல் பெண் பிரதமர், இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்க. இதில் எந்தக் குழப்பமும் இல்லை. கணவர் 1959 செப்டம்பரில் சுடப்பட்டு இறந்தார். இவர் கட்சியை நடத்தித் தேர்தலில் வென்று, 1960 ஜூலை 21 அன்று பிரதமரானார். செனட் உறுப்பினரானது அதற்குப் பிறகு, ஆகஸ்டில்தான். எல்லாக் கைடிலும் இருக்கும் கேள்வி இது. அந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறது.

நான் சில காலம் கோத்தகிரிப் பக்கம் வேலை பார்த்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து மலைக்கு வந்த குடும்பங்கள். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயே அவர்களைக் குடியமர்த்துவதற்காக உண்டாக்கப்பட்டதுதான். அவர்கள் ஏன் வந்தார்கள்? 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மீதியைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்தத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மக்களிடம் யாரும் கேட்டு இதைச் செய்யவில்லை.

அந்த வகுப்பில் 'உலகின் முதல் பெண் பிரதமர்' என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தால்தான் தன் பாட்டி இந்த மலைக்கு வந்தாள் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. பாடமாக எடுத்த பிறகு, ஒரு மாணவி தன் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த குடும்ப அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். குடும்பத்தில் இருந்தவர்களின் பெயர், வயது, ஏறிய கப்பல், இறங்கிய தேதி எல்லாம் அதில் இருந்தது. பொது அறிவு என்று நாம் சொல்வது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை எட்டுவதற்கு ஒரு ஆண்டும் ஒரு ஒப்பந்தத்தின் பெயரும் விடையில் சேர்த்தால் போதும்.

இடம் போதாது என்று நீங்கள் சொல்லலாம். படிக்கிறவர்களே ஒரு வரி விடையைத்தான் விரும்புகிறார்கள், வேகமாகத் திருப்பிப் பார்க்க அதுதான் வசதி என்றும் சொல்லலாம். இந்த இரண்டையும் நான் யோசித்துப் பார்த்தேன். நாளுக்கு இருபது கேள்வி போடும் இடத்தில் எட்டுக் கேள்வி போடுங்கள். ஒவ்வொரு விடைக்கும் மூன்று வரி கொடுங்கள்: எதில் முதல், எந்த ஆண்டு, எந்த ஊர். வேறு பெயரும் சொல்லப்படுகிறது என்றால் அது எந்தக் கணக்கில் என்று ஒரு வரி. இப்போதெல்லாம் தேர்விலும் நேரடியாகப் பெயரை மட்டும் கேட்பது குறைந்துவிட்டது. கூற்றும் காரணமும், பொருத்துக, காலவரிசைப்படுத்துக என்று வருகிறது. சுப்பராயலு ரெட்டியார் முதல் அண்ணா வரை ஐந்து பேரை ஆண்டோடு படித்த பிள்ளை காலவரிசைக் கேள்வியை நிமிடத்தில் முடித்துவிடும். பெயர்ப் பட்டியலை மட்டும் படித்த பிள்ளை 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்பிவிட்டு எழுந்து வரும்.

அப்புறம், ஒரு விடையில் பிழை என்று வாசகர் எழுதினால் திருத்தத்தை அதே பகுதியில், அதே எழுத்தளவில் போடுங்கள். பிள்ளைகள் கத்தரிப்பது அந்தப் பெட்டியை மட்டும்தான். வேறு பக்கத்தின் ஓரத்தில் வரும் வருத்தம் தெரிவிக்கும் குறிப்பு அவர்கள் நோட்டுக்குள் போகாது. முத்துலட்சுமி அம்மையார் பற்றிய வரியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இந்த வாரம் 'தமிழ்நாட்டின் முதல் பெண்கள்' என்று அறிவிப்புக் கொடுத்திருக்கிறீர்கள். முதல் பெண் ஆளுநர் பாத்திமா பீவி கட்டாயம் வருவார் என்று நினைக்கிறேன். அவர் 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் ஆனவர் என்பதைச் சேர்த்துப் போடுங்கள். முதல் பெண் முதலமைச்சர் என்று பலர் ஜெயலலிதா பெயரை எழுதிவிடுகிறார்கள். அவருக்கு முன்னால் ஜானகி ராமச்சந்திரன் இருந்தார். அந்த விடையில் தேதிகளை விட்டுவிடாதீர்கள்: 1988 ஜனவரி 7 முதல் ஜனவரி 30 வரை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
துறையூர்